பூஜ்யம் போட்ட நினைவகம்

எங்கள் தெருவுக்கு மின்சாரம் பகல் ஒரு மணிக்கு வரும், இரண்டு மணிக்குப் போய்விடும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் துணி துவைக்க வேண்டும், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும், கைப்பேசிக்கும் விளக்கு பேட்டரிக்கும் உயிர் கொடுக்க வேண்டும். அன்றைக்கு நான் இதில் எதையும் செய்வதாக இல்லை. என் அண்ணன் நவார் இருக்கிறானா செத்தானா என்று பார்க்கப் போகிறேன். கூடவே இன்னொன்றையும் பார்க்கப் போகிறேன். அவனைக் காட்டிக் கொடுத்தது நான்தானா என்று.

எங்கள் ஊர் சலமிய்யாவில் இந்தக் குளிர்காலம் முழுக்க எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான். ஆட்சி விழுந்தது, சிறைகள் திறந்தன, வெளியே வந்தவர்கள் வந்துவிட்டார்கள். வராதவர்களைக் காகிதத்தில் தேடுகிறோம். யாரோ ஒரு புண்ணியவான் உளவுத்துறைக் கிளை ஒன்றின் சிறைப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் பக்கத்தையும் ஒரே கோப்பாக ஒட்டி வைத்துவிட்டார். நல்ல மனசு இருந்து என்ன, கொஞ்சம் புத்தியும் இருந்திருக்கலாம். அதைத் திறக்கப் போனால் கைப்பேசி சூடாகிச் செத்துப் போகிறது.

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணினி டீச்சர் ஹஸார்தான் அதை ஒரு பென் டிரைவில் போட்டு ஆசிரியர் அறையில் வைத்துக் கையில் கொடுத்தாள்.

"என் லேப்டாப்லயே பாரேன்டி. ஒரு நிமிஷத்துல திறந்துடும்."

"வேணாம். வீட்ல பார்த்துக்கிறேன்."

"உங்க வீட்டு டப்பாவுலயா? அது நூஹ் நபி கப்பல்ல ஏறி வந்ததாச்சே."

"வந்துட்டுப் போகட்டும். உம்மாவுக்கு வெளியாள் முன்னாடி பார்க்கப் பிடிக்காது."

உம்மா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொன்னது நான். ஹஸாரின் லேப்டாப் என்றால் பக்கத்தில் ஹஸாரும் இருப்பாள். அந்தப் பதிவேட்டில் 'காரணம்' என்று ஒரு பத்தி உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒவ்வொருவரையும் எதற்காகப் பிடித்தார்கள் என்று அதில் எழுதியிருப்பார்களாம். நவார் பெயருக்கு நேரே அந்தப் பத்தியில் என்ன இருக்கிறது என்பதை என்னைத் தவிர யாரும் முதலில் பார்க்கக் கூடாது. ஹஸார் கூடாது, உம்மா கூடவே கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். உம்மாவிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வதற்கு என்ன.

அந்தக் கணினியை நவார் தன் கையால் பொருத்தினான். அது பழகாத ஆளுக்குக் கணினி, எங்களுக்கு அவன். எல்லாம் கொதித்துக் கிடந்த அந்த வருஷங்களில் ஒருநாள் என்னை உட்கார வைத்துச் சொன்னான்.

"இங்க பாரு, ருதைனா. மேசைல இடம் பத்தலைன்னா கீழ பாய் விரிச்சு வைக்கிறோம்ல, அந்த மாதிரி இதுவும் நினைவுல இடம் பத்தாதப்போ வட்டுல ஒரு மூலையில வெச்சுக்குது. மெய்நிகர் நினைவகம்னு பேரு. பிரச்சினை என்னன்னா, போகும்போது பெருக்கிட்டுப் போகாது. நாம படிச்சது எழுதினது எல்லாம் துணுக்கு துணுக்கா அங்க கிடக்கும். தேடத் தெரிஞ்சவன் எடுத்துடுவான்."

"இப்ப என்ன பண்ணணும்கிற?"

"ஒண்ணும் பண்ணாத. நான் அதைப் பூஜ்யமாக்கிட்டேன். நீ கை வைக்காம இருந்தா போதும்."

ஊரில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் வைத்திருந்தார்கள். இருமலுக்குக் கைவைத்தியம் சொல்வது போல ஒருவருக்கொருவர் சொல்லிக் கொண்டார்கள். கணினி நொண்டும், அடிக்கடி உறைந்து போகும். ஆனால் சோதனைக்கு வருகிறவன் கையில் ஒன்றும் சிக்காது என்று நம்பினோம்.

நான் கை வைத்தேன். புவியியல் கடைசி வருஷம், ஆற்றுப்படுகை வரைபடம் ஒன்று கொடுத்தாக வேண்டும், ஒரு வாரம்தான் பாக்கி. வரைபடத்தைத் திறந்தால் நினைவகம் போதவில்லை என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் மூடிக் கொண்டு போய்விடும். மூன்று முறை அழுதேன். நான்காவது முறை, நவார் ஹமாவுக்குப் போயிருந்த ஒரு மதியம், அந்த அமைப்புக்குள் போய் 'தானாகப் பார்த்துக்கொள்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன். அது இரண்டாயிரத்துப் பதின்மூன்று, ஏப்ரல் மூன்றாம் தேதி. வரைபடம் முடிந்ததும் பழையபடி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். வரைபடம் முடிந்தது, மாற்ற மறந்துவிட்டேன்.

டிக் போட்ட பதினோராம் நாள், மத்தே என்கிற இலைத் தேநீர் குடித்துக் கொண்டிருந்தோம். நவார் உறிஞ்சி முடித்து, உம்மா அடுத்த வெந்நீரை ஊற்றுவதற்குள் ஐந்து பேர் உள்ளே வந்துவிட்டார்கள். அவனைக் கொண்டு போனார்கள். மேசையிலிருந்த பெட்டியையும் வயரைப் பிடுங்கிக் கொண்டு போனார்கள்.

ஒரு மாதம் கழித்து, உள்ளே ஆள் தெரிந்த ஒரு தூரத்து உறவினர் மூலமாகப் பெட்டி திரும்பி வந்தது. பெட்டி மட்டும். அன்றைக்கே அதைத் திறந்து அந்த டிக்கை எடுத்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். வீடு எரிந்த பிறகு அடுப்பை அணைத்த மாதிரி. கிட்டத்தட்டப் பன்னிரண்டு வருஷமாக அந்தப் பக்கமே நான் போகவில்லை.

உம்மா அதற்கு ஒரு வெள்ளைப் பின்னல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் துணியை எடுத்து உதறுவாள், பெட்டியைத் துடைப்பாள். "நீதானே என் புள்ளையக் காட்டிக் கொடுத்தது" என்று அதைத் திட்டிக் கொண்டே துடைப்பாள். தூக்கி எறியவும் மாட்டாள், அவன் கை பட்டதாயிற்றே. நான் சமையலறையில் நின்று அந்தத் திட்டையெல்லாம் வாங்கிக் கொள்வேன்.

முந்தின நாள் முதல் தடவையாகக் கோப்பைத் திறந்து பார்த்தேன். நானூறாவது பக்கத்தில் திரை உறைந்தது. நினைவகம் போதவில்லை என்று அதே பழைய வாசகம் வந்தது. பதிவேடு தேதி வாரியாகப் போகிறது; இரண்டாயிரத்துப் பதின்மூன்று ஏப்ரல் தொள்ளாயிரத்துச் சொச்சத்தில்தான் வரும். நேரே அங்கே தாவினாலும் இந்தக் கிழட்டுப் பெட்டி முன்னால் இருப்பதையெல்லாம் விழுங்கிவிட்டுத்தான் நகர்கிறது. எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். தெரிந்ததனால்தான் அன்றைக்குப் பெட்டியை அப்படியே அணைத்துவிட்டேன்.

மறுநாள் பன்னிரண்டே முக்காலுக்கு ஜன்னலோரம் போய் நின்று ஹஸாருக்குப் போன் போட்டேன்.

"அந்த மெய்நிகர் நினைவகம் எவ்வளவு வெச்சிருக்க?" என்றாள்.

"பூஜ்யம்."

"பூஜ்யமா? எந்தப் புத்திசாலிடி அதைப் பூஜ்யத்துல வெச்சான்?"

நான் பேனாவைத் தேடி எடுத்தேன். யார் வைத்தது என்று அவளுக்கே பிடிபட்டிருக்க வேண்டும்.

"சரி விடு," என்றாள் பிறகு. "எங்க அண்ணனும் அப்படித்தான் வெச்சிருந்தான். எழுதிக்கோ. டிக் இருந்தா எடுத்துடு, 'அளவு நானே சொல்றேன்'ங்கிறதைத் தொடு. ஆரம்பம் எட்டாயிரத்து நூத்தித் தொண்ணூத்திரண்டு. உச்சம் பன்னெண்டாயிரத்து இருநூத்தி எண்பத்தெட்டு."

"எதுக்கு இந்தக் கோணக் கணக்கு? ரவுண்டா பத்தாயிரம் போட்டா குடி முழுகிடுமா?"

"நீ புவியியல் டீச்சர். சொன்னதைப் போடு. அப்புறம் 'அமை'னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கிட்டுத்தான் 'சரி' அமுக்கணும். பாதிப் பேர் அங்கதான் கோட்டை விடுவாங்க. எல்லாம் முடிஞ்சதும் ஒரு தரம் நிறுத்தித் திறக்கச் சொல்லும்."

"பாதியில கரண்ட் போயிட்டா?"

"போகாதுன்னு வேண்டிக்கோ. இன்னொண்ணு. உங்க வட்டு பழசு. நினைவகம் அங்க போய் எழுத ஆரம்பிச்சா டக் டக்னு சத்தம் வரும், பயந்துடாத. சத்தம் வந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம். சத்தம் நின்னாதான் பயப்படணும்." குரலைத் தாழ்த்தினாள். "நான் வரட்டுமா?"

"வேணாம்," என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொல்லிவிட்டேன்.

உம்மா குளிர்காயும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். அவள் இரண்டு கண்ணிலும் புரை. திரும்பி உட்கார்ந்தாலும் அவளுக்கு வெள்ளை வெளேர் என்றுதான் தெரியும். ஆனாலும் முதுகைக் காட்டிக் கொண்டுதான் உட்கார்ந்தாள்.

"நான் பார்க்க மாட்டேன். நீ படி, நான் கேக்கறேன்," என்றாள். "ஒண்ணையும் விடாம படி."

"சரி உம்மா."

விடுவதற்குத்தான் திட்டம் போட்டிருந்தேன். பெயரைப் படிப்பேன், தேதியைப் படிப்பேன். காரணப் பத்தியில் கணினி என்ற சொல் இருந்தால் அதைத் தாண்டிவிடுவேன், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேன். இரண்டு இரவு படுத்துக் கொண்டு அந்தப் பொய்யை ஒத்திகை பார்த்திருந்தேன். பெற்றவளிடம் 'உன் பிள்ளை போனது என்னால்தான்' என்று எந்த வாயால் சொல்வது.

ஒரு மணிக்கு மின்சாரம் வந்தது. கட்டடம் முழுக்கத் தண்ணீர் மோட்டார்கள் அலறின. பெட்டி விழித்துக் கொள்ள ஏழு நிமிஷம் எடுத்தது. நான் அமைப்புக்குள் போனேன். அந்தச் சின்னச் சாம்பல் நிறக் கட்டம் திறந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய அதே கட்டம், அதே எழுத்து, வட்டின் பெயருக்கு எதிரே நான் போட்ட அதே பூஜ்யம். இதில் நான் ஒரு டிக் போட்டேன், வீட்டுக்குள் ஐந்து பேர் வந்தார்கள். இப்போது யாரும் வர மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கிளையே இப்போது பூட்டிக் கிடக்கிறது. தெரிந்தும் எழுந்து போய் வாசல் கதவின் தாழ்ப்பாளைச் சரி பார்த்துவிட்டு வந்தேன்.

"யாரும்மா?" என்றாள் உம்மா.

"யாருமில்ல. காத்து."

எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. பன்னிரண்டாயிரத்து இருநூற்று எண்பத்தெட்டு. ஒவ்வோர் எண்ணையும் இரண்டு முறை படித்தேன். 'அமை', பிறகு 'சரி'. மாற்றம் நடப்புக்கு வரக் கணினியை மூடித் திறக்க வேண்டும், இப்போதா பிறகா என்று கேட்டது. மணி ஒன்று பதினாறு. 'இப்போது' என்பதை அமுக்கினேன். திரை இருண்டது.

"ஏன்டி சத்தத்தையே காணோம்? ஏதாவது ஆயிடுச்சா?"

"மூடித் திறக்கணும் உம்மா. அதுக்கு அப்படித்தான்."

"நவார் இருந்தா ஒரு தட்டு தட்டுவான், ஓடும்."

"நானும் தட்டறேன், ஓடுதா பாரு."

உம்மா சிரித்தாள். அவள் சிரித்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

ஒன்று இருபத்து நான்குக்குப் பெட்டி திரும்பி வந்தது. கோப்பைத் திறந்து தொள்ளாயிரத்தைந்தாம் பக்கம் என்று அடித்தேன். வெள்ளைத் தாள் ஒன்று வந்து நின்றது. ஹஸார் சொன்ன சத்தம் ஆரம்பித்தது. டக் டக், டக் டக். பெட்டிக்குள் யாரோ விரல் கணுவால் கதவைத் தட்டுவது மாதிரி. உம்மா ஓதிக் கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். முந்தின நாள் உறைந்து போன இடத்தைத் தாண்டியது. ஐந்நூறு, அறுநூறு, எழுநூறு. எழுநூற்றுப் பத்தில் சத்தம் நின்றுவிட்டது.

சுட்டியை அசைத்தேன், அது அசையவில்லை. இந்த வட்டு செத்தால் நவார் சேமித்து வைத்த எல்லாமும் போகும். போகட்டும் என்றும் தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன். செத்துத் தொலைந்தால் நான் எதையும் படிக்க வேண்டாம். உம்மா தன் காத்திருப்பில் இருக்கலாம், நான் என் பயத்தில் இருக்கலாம், இரண்டு பேருக்கும் பழகிப் போனதுதானே. பிறகு மறுபடியும் டக் என்றது. எண்கள் ஓடின.

தொள்ளாயிரத்து ஐந்து வந்தது. ஏப்ரல் ஒன்பதாம் தேதி. கோடு போட்ட தாளில் நீல மைக் கையெழுத்து, வலது ஓரத்தில் வரிசை எண். எழுதியவனுக்கு நல்ல கையெழுத்து. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று தேதிகள் இறங்கின. ஒரு நாளைக்கு நாற்பது பேர், அறுபது பேர். தொள்ளாயிரத்து இருபத்தொன்றாம் பக்கத்தில், மேலிருந்து ஏழாவது வரியில் அவன் இருந்தான்.

"உம்மா," என்றேன். "இருக்கு."

அவள் திரும்பவில்லை. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டாள். "படி."

"பேரு, நவார். தாய் பேரு, ஃபித்தா."

தன் பெயர் அந்தப் பதிவேட்டில் இருப்பதைக் கேட்டு உம்மாவின் தோள் ஒரு முறை தூக்கிப் போட்டது.

"பிறந்த வருஷம் எண்பத்தஞ்சு. பிடிச்ச தேதி, ஏப்ரல் பதினாலு."

"அப்புறம்?"

அடுத்தது காரணம். வலமிருந்து இடமாக எழுதிய தாள், திரையைவிட அகலம். இடது ஓரம் வெளியே நின்றது, கடைசிப் பத்திகள் தெரியவில்லை. நகர்த்தினால் தெரியும். நான் நகர்த்தவில்லை. என் கண் காரணப் பத்தியில் போய் ஒட்டிக் கொண்டது. எழுத்து சிறியது, மை கொஞ்சம் ஊறியிருந்தது. நாற்காலியை முன்னால் இழுத்து மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்தேன்.

பிப்ரவரி மூன்றாம் தேதியிட்ட அறிக்கை, என்று இருந்தது. ஹோம்ஸிலிருந்து ஓடி வந்த குடும்பங்களுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுத்தது. அதற்குக் கீழே, அதே கட்டத்தில், இன்னும் சின்னதாக ஒரு வரி. கணினி பரிசோதிக்கப்பட்டது, எதுவும் கிடைக்கவில்லை.

பிப்ரவரி. நான் அந்த டிக்கைப் போட்டதற்கு இரண்டு மாதம் முன்பே எவனோ எழுதிக் கொடுத்துவிட்டான். மறுபடி படித்தேன். எதுவும் கிடைக்கவில்லை. மூன்றாம் முறையும் படித்தேன். பன்னிரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் ஒரு நொடியில் இறங்கியது, என் உடம்பே எனக்கு இலேசாக இருந்தது. நான் இல்லை. நான் இல்லவே இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றேன். இறைவனுக்கு நன்றி சொல்லி, வாய்விட்டு, அழுது கொண்டே, சத்தமாக. "அல்ஹம்துலில்லாஹ், உம்மா."

முக்காலி சாய்ந்து விழுந்த சத்தம்தான் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் உம்மா பால்கனிக் கதவைத் திறந்துவிட்டிருந்தாள். அந்தக் கண்ணோடு எதிலும் இடித்துக் கொள்ளாமல் எப்படிப் போனாளோ.

"உம்மு நிதால், உம்மு நிதால், என் புள்ள உசுரோட இருக்கான். பேரு வந்துடுச்சு. என் மக படிச்சுச் சொல்லிட்டா."

எதிர் வீட்டு உம்மு நிதால் குலவையிட்டாள். துணி உலர்த்திக் கொண்டிருந்தவள், கையில் ஈரத் துணியோடு. அதைக் கேட்டுவிட்டு என்ன ஏது என்று கூடத் தெரியாமல் எங்களுக்கு மேல் மாடியில் இரண்டு பேர் குலவையிட்டார்கள். எங்கள் தெருவில் யாரும் குலவையிட்டு எத்தனையோ காலமாயிற்று.

"உம்மா, இரு," என்றேன். எனக்கே கேட்கவில்லை. "இரு உம்மா, நான் இன்னும் படிச்சு முடிக்கல."

சுட்டியைப் பிடித்துத் தாளை நகர்த்தினேன். வட்டு டக் டக் என்றது. இடது ஓரம் மெல்ல உள்ளே வந்தது. கடைசிப் பத்திக்கு 'முடிவு' என்று பெயர். மேலும் கீழும் எல்லாக் கட்டங்களிலும் அதே நல்ல கையெழுத்தில் ஒரே சொல்லைத்தான் எழுதியிருந்தான், தேதி மட்டும் மாறியது. நவாருக்கு நேரே, மரணம், இதய நிறுத்தம், ஏப்ரல் பத்தொன்பது, என்று இருந்தது.

ஐந்து நாள். அவன் அங்கே ஐந்து நாள்தான் இருந்திருக்கிறான். பெட்டி வீட்டுக்கு வந்து, நான் உட்கார்ந்து பூஜ்யம் போட்ட அன்றைக்கு அவன் செத்து ஒரு மாதம் ஆகப் போகிறது. என்னுடைய பத்தியை முதலில் பார்த்தேன். அவனுடையதை அப்புறம் பார்த்தேன்.

உம்மா உள்ளே வந்தாள். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. கையைத் துழாவி என் தலையைப் பிடித்துக் கொண்டாள்.

"எங்க இருக்கானாம்? எந்த ஊருன்னு போட்டிருக்கானா? போய்க் கூட்டிட்டு வரணும்ல. படிம்மா. ஏன் நிறுத்திட்ட?"

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. திரையைப் பார்த்துக் கொண்டே சொன்னேன்.

"உம்மா, அவங்கள நிறுத்தச் சொல்லு. குலவைய நிறுத்தச் சொல்லு."

என் தலையில் இருந்த கை அப்படியே நின்றது. அவள் கையை எடுத்துக் கொண்டு சுவரைப் பிடித்தபடி மறுபடியும் பால்கனிக்குப் போனாள். போய் நின்று ஒரு கையை உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டினாள். எதிர் வீட்டு உம்மு நிதால் அதைப் பார்த்து வாயைப் பொத்திக் கொண்டாள். மேல் மாடியில் இருந்தவர்களுக்கு உம்மாவின் கை தெரியாது. அவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் குலவையிட்டுக் கொண்டிருந்தார்கள்.